இடப்பக்கக் கொக்கு

முகமூடிக்குள் விடுகிற மூச்சு வெளியே போகாது, திரும்பி வந்து கன்னத்திலேயே உட்கார்ந்துகொள்ளும் என்பது வரிசையில் நின்ற கொஞ்ச நேரத்திலேயே புனிதவதிக்குத் தெரிந்துபோனது. நெற்றியில் கிளம்பின வேர்வை புருவத்தில் தேங்குகிறது, துடைக்கலாம் என்று கையைத் தூக்கினால் கை பிளாஸ்டிக் கன்னத்தில் இடிக்கிறது. சரி, வழியட்டும். முன்னால் நிற்பவளுக்கு நீலத் தலைமயிர். பின்னால் ஒருவனுக்கு இரண்டு கொம்பு. பக்கத்து வரிசையில் ஆள் உயர வாளை முதுகில் கட்டிக்கொண்ட ஒருத்தன் டப்பாவைத் திறந்து லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், ஊட்டிவிடாத குறையாக அவன் அம்மா தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறாள். அந்த அம்மா புனிதவதியைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ வயசுப் பெண் என்று நினைத்திருப்பாள். உள்ளே ஐம்பது தாண்டின உடம்பு, சர்க்கரை, வலது முழங்காலில் தேய்மானம், எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்தி நடத்திக் கட்டிப்போன தொண்டை என்று அவளுக்கு எப்படித் தெரியும். ஜப்பான்காரன் கார்ட்டூனில் வருகிறவர்கள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு இந்தப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு நாள் கூடுகிற இடம் இது. அனிமே திருவிழா என்று கேட்டில் பேனர் கட்டியிருக்கிறார்கள். திருவிழாதான், தீச்சட்டியும் அலகும்தான் இல்லை. புருஷன் மாசிலாமணி ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அம்பத்தூரிலிருந்து நந்தம்பாக்கம் வரைக்கும் பின்னால் உட்கார்ந்து இந்த விளக்குக் கம்பை நட்டமாகப் பிடித்துக்கொண்டு வந்தாள், கட்சி ஊர்வலத்துக்குப் போகிறவள் போல. இறக்கிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "சொல்லிட்டு உடனே வந்துரு புனிதா, சாயங்காலம் வரைக்கும் இழுக்காத," என்றார். சொல்லிட்டு வந்துரு. பக்கத்து வீட்டில் மோட்டார் போடச் சொல்லிவிட்டு வருகிற மாதிரி.

வாசலில் ஒரு பெண் கம்பை வாங்கித் தட்டிப் பார்த்தாள், நிஜ ஆயுதமா என்று சோதிக்கிறார்களாம். பிளம்பிங் பைப். உச்சியில் விளக்காகத் தொங்குவது ஊறுகாய் பாட்டில். சோதித்துவிட்டு மஞ்சள் வார் ஒன்றைச் சுற்றி இறுக்கி, "என்ன கேரக்டர்?" என்று கேட்டபடி நிமிர்ந்தவள், "ஓ, பாலத்துக் காவல்காரியா, ஸாரி, நீங்க பேச மாட்டீங்கல்ல," என்று தன் உதட்டில் தானே விரல் வைத்துச் சிரித்து உள்ளே விட்டாள். அதுதான் இங்கே ஒரு சௌகரியம். பேசாத பாத்திரமாக வேஷம் கட்டி வந்தவரைப் பேசச் சொல்லக் கூடாது, முகமூடியைக் கழற்றச் சொல்லக் கூடாது, சொந்தப் பேரைக் கேட்கவே கூடாது. இந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட மரியாதை. அந்தக் காவல்காரி கதையில் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாளாம், திறந்த நிமிஷத்தில் ஆறு கரையை உடைத்து ஊரே முழுகிப்போனதாம், அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு பாலத்தில் விளக்கோடு நிற்கிறாளாம். மகள் நித்திலா இந்தக் கதையைச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள், சோறு காய்கிறது, வாய் ஓயவில்லை. "உனக்கும் அப்படி ஒரு வரம் கிடைச்சா நம்ம வீடு நல்லா இருக்கும்டி," என்று புனிதவதி சொன்னாள். நல்லா இருக்கும்டி. அந்த வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும். வீடு இப்போது அப்படித்தான் இருக்கிறது, குக்கர் சத்தம் வந்தால்கூட மாசிலாமணி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்.

நித்திலா போனது ஐப்பசியில். டெங்கு. காய்ச்சல் என்று படுத்தாள், இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள், இறங்கின பிறகுதான் ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது புனிதவதி கையில் ஆரஞ்சுப் பழம் உரித்த மேனிக்கு இருந்தது. ஆபீஸ்காரர்கள் வந்தார்கள், காலேஜில் கூடப் படித்ததுகள் வந்து கட்டிக்கொண்டு அழுதன. இவர்கள் மட்டும் வரவில்லை, ஏனென்றால் இவர்களுக்குத் தெரியாது. இவர்களுக்கு நித்திலா என்கிற பேரே தெரியாது. இங்கே அவள் பேர் முறுக்கு. வருஷா வருஷம் வீட்டு முறுக்கை டப்பா டப்பாவாகக் கட்டிக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்ததில் ஒட்டிக்கொண்ட பேர். பிழிந்தது புனிதவதி, பேர் வாங்கினது அவள். அவளுடைய போன் பூட்டிக் கிடக்கிறது, பிறந்த தேதி, வண்டி நம்பர், பூனை பேர் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, திறக்கவில்லை. ஆனாலும் தினமும் சார்ஜ் போடுகிறாள், போட்டால்தான் பூட்டின திரையில் செய்திகள் வந்து எட்டிப் பார்க்கும். ஜோ என்று ஒருத்தி. முறுக்கு எங்க போன. கொஞ்ச நாள் கழித்து, இன்னும் கோவமா. அப்புறம், சரி, கோவம்தான் போல, நான் பேசினது அப்படி. பொங்கலுக்கு ஒரு கரும்புப் படம். அப்புறம் போன வாரம், சனிக்கிழமை வருவியா மாட்டியா, வரலைன்னா நான் செத்தேன்னு வெச்சுக்கோ. இரண்டு தடவை போன் அடித்தது. எடுத்து என்ன சொல்ல. மணி ஓயும் வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன பிள்ளைக்காக அழுது முடிகிறதோ இல்லையோ, எங்கேயோ ஒரு பெண் செத்தவள் தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாளே, அது முள்ளாகக் கிடந்து புனிதவதியைத் தூங்கவிடவில்லை. ஜோவின் முகம் தெரியாது. ஜோவுக்கு இந்தச் சாம்பல் நிறக் கோட்டைத் தெரியும், இந்த வெள்ளை முகமூடியைத் தெரியும். தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கண்டுபிடி, அவ்வளவுதானே கணக்கு. அதனால்தான் தையலைப் பிரித்து இடுப்பை இளக்கி இதை மாட்டிக்கொண்டு வந்தாள். சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். அவளுக்கு உன்மேல கோபம் இல்லைம்மா. அவ போயிட்டா. பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகியாயிற்று, முதல் வாக்கியம் வந்தது.

மண்டபத்துக்குள் நுழைந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. முகமூடியின் கண் ஓட்டையில் கறுப்பு வலை ஒட்டியிருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் கண் தெரியாது, உள்ளிருந்து பார்த்தால் உலகம் பொடிப் பொடிக் கட்டமாகத் தெரியும். இந்த வலை எந்த வலை என்று புனிதவதிக்குத் தெரியும். நித்திலாவின் கட்டில் கொசுவலை. கால்மாட்டில் சதுரமாக இரண்டு துண்டு வெட்டிக் கறுப்புச் சாயம் அடித்து ஒட்டியிருக்கிறாள் தடிச்சி, "வலையில ஓட்டை போட்டா வலை எதுக்குடி," என்று கேட்டதற்கு, "கால்மாட்டுலதானம்மா, கொசுவுக்கு என் காலைப் பிடிக்காது," என்றாள். அங்கேதான் மனசு போய் மாட்டும், எத்தனை தடவை எடுத்துவிட்டாலும் அங்கேயே போய் மாட்டும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், ராத்திரி வலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆபீசில் கடித்திருக்கும், பஸ் ஸ்டாப்பில் கடித்திருக்கும் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து சொன்னார், தொட்டியைப் பார்த்தார், பூச்சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார், ஒன்றுமில்லை என்று சுவரில் எழுதிவிட்டுப் போனார். தெரியும். பகலில்தான் கடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் பன்னிரண்டு மணி வரைக்கும் தூங்குவாளே. காலைப் போர்த்தாமல் தூங்குவாளே. ஓட்டை வழியாக வந்திருக்கலாமே. தைத்துப் போட்டிருக்கலாம், ஊசியும் நூலும் வீட்டில்தானே இருந்தது, ஒரு கை வேலை. இப்போது அந்த ஓட்டைக்கான துண்டு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அது வழியாகத்தான் கூட்டத்தைப் பார்க்கிறாள், ரோஜாக் கலர் தலைகளும் அட்டைச் சிறகுகளும் கட்டம் கட்டமாக நகர்கின்றன. முகமூடியின் உள்பக்கம் அவள் வாசனை. தேங்காயெண்ணெயும் அந்த நீலப் புட்டி ஷாம்பூவும். வேர்வை ஊற ஊற வாசனை கூடிக்கொண்டே வருகிறது, பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறாள் போல, திரும்பினால் கொம்பு வைத்த பையன்தான் நிற்கிறான்.

"முறுக்கு" என்று யாரோ தூரத்தில் கத்தினார்கள். இன்னொரு பக்கமிருந்து இன்னொருத்தி. அட, இத்தனை பேருக்கா இவளைத் தெரியும். ஒருத்தன் ஓடிவந்து தோளில் கை போட்டு, "எங்க போய்த் தொலைஞ்ச இத்தனை நாளா," என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமலே படம் எடுத்துக்கொண்டு போனான். எல்லோர் முகத்திலும் சந்தோஷம். செத்தவளைப் பார்த்து இத்தனை பேர் சந்தோஷப்படுவதைப் பார்க்க எந்தத் தாய்க்குக் கொடுத்து வைத்திருக்கிறது, பெத்த மனம் பித்து என்பது சரிதான், ஒரு நிமிஷம் புனிதவதிக்கும் சந்தோஷமாக இருந்தது. ஓரத்தில் ஒரு மேஜையில் ‘உடுப்பு ஆஸ்பத்திரி’ என்று எழுதி ஊசி, நூல், பசைத் துப்பாக்கி, ஊக்கு எல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். ஒருத்தி அங்கே அறுந்த சிறகுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். உடுப்புக்கு ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார்கள், நல்லா இருக்கட்டும். அப்போதுதான் எதிரே அந்தப் பெண் வந்து நின்றாள். குட்டையான உடம்பு, தலையில் படகுக்காரன் தொப்பி, கையில் அட்டைத் துடுப்பு, கழுத்தில் தொங்குகிற அட்டையில் ஜோ. அவள் கத்தவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. கோட்டின் மார்பில் தைத்திருந்த வெள்ளைக் கொக்கைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நீட்டி, கொக்கைத் தொடாமல் அதற்கு மறுபக்கம், இடது மார்பில், ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு விரலை வைத்தாள். வைத்து எடுத்தாள். "வந்துட்டியா," என்றாள். இப்போது சொல்லிவிட வேண்டும், முதல் வாக்கியம், வாயைத் திற புனிதவதி. அதற்குள் ஒரு கூட்டம் ராட்சச பொம்மை ஒன்றை இழுத்துக்கொண்டு இடையில் வந்து தள்ள, புனிதவதி சட்டென்று கையை நீட்டி அந்தப் பெண்ணைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். ஜோ குனிந்து தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள், பிறகு, "வா, சுத்திட்டு வரலாம்," என்று நடக்க ஆரம்பித்தாள்.

சாப்பிட்ட பிறகு சொல்லலாம். இந்தக் கடையைத் தாண்டி, கூட்டம் குறைந்ததும். ஜோ ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள், இது சாவிக்கொத்து, இது ஸ்டிக்கர், இந்த ஆள் போன வருஷமும் இதே போஸ்டரைத்தான் வித்தான். தெரிந்தவளிடம் சொல்வது போல இல்லை, புதுசாக வந்தவளுக்குக் காட்டுகிற மாதிரி இருந்தது, புனிதவதி அதைக் கவனித்தும் கவனிக்கவில்லை. ஒரு கடையில் அந்தக் காவல்காரியின் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. கொக்கு வலது மார்பில். சரியாகத்தான் தைத்திருக்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. நித்திலா தைத்தபோது இடது பக்கம் தைத்துவிட்டாள். யாரோ ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்று எடுத்த படத்தைப் பார்த்து அளவெடுத்தாளாம், கண்ணாடியில் வலது இடதாகும் என்பதுகூடவா தெரியாது, கணக்கு டீச்சர் மகள். "தப்பாத் தைச்சிருக்கியேடி, பிரிச்சுக் குடு, நான் மாத்தித் தர்றேன்," என்று எத்தனை தடவை கேட்டாள். "இருக்கட்டும்மா." அவ்வளவுதான் பதில். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, இருக்கட்டும்மா. போன வாரம் கோட்டை இளக்க உட்கார்ந்தபோது கையோடு அதையும் மாற்றினாள். பிள்ளை கடைசியாக நாலு பேர் முன்னால் நிற்கப்போகிறாள், தப்போடு நிற்க வேண்டாம், யாரும் சிரிக்க வேண்டாம். பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்துக் கொக்கை எடுத்தாள். தையலா அது, ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஓர் இடத்தில் மூன்று தடவை ஒரே ஓட்டையில் போய் வந்திருக்கிறது. கொக்கை வலது பக்கம் வைத்து மெஷினில் ஓட்டினாள், நறுவிசாக வந்தது. எடுத்த இடத்தில் துணி வெளுக்காமல் கொக்கு வடிவத்துக்குக் கறுப்பாக நின்றுவிட்டது, சுற்றிலும் ஊசி ஓட்டைகள். ஈரத்துணி போட்டு இஸ்திரி பண்ணிப் பார்த்தாள், தடித்த துணி, ஓட்டை மூடவில்லை.

மத்தியானம் ஜோ இரண்டு பொட்டலம் வெஜ் பிரியாணி வாங்கி வந்தாள். சாமான் ஏற்றுகிற கதவுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு, ஆள் நடமாட்டமில்லை. பொட்டலத்தைப் பிரித்துத் தான் மட்டும் சாப்பிட்டாள், மற்றதைப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்தாள், முகமூடி போட்டவரைச் சாப்பிடச் சொல்வதும் கழற்றச் சொல்வதும் ஒன்றுதான் போல. பையிலிருந்து பேட்டரியில் ஓடுகிற குட்டி ஃபேன் ஒன்றை எடுத்து, "ஃபேன் போடட்டுமா," என்று கேட்டு, முகமூடியின் தாடைக்குக் கீழே பிடித்தாள். காற்று உள்ளே வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நித்திலா கேட்டது, அம்மா ஃபேன் போடேன். ஏசி ஓடுதுடி கண்ணு. ஃபேன் போடும்மா. இந்த ரூம்ல ஃபேன் இல்லடா, ஏசி ஓடுது பாரு, குளுருது பாரு. போடேம்மா. அதுதான் கடைசி. அதற்கப்புறம் குழாய் வைத்துவிட்டார்கள். ஒரு விசிறி வாங்கிவந்து வீசியிருக்கலாம், அட்டையை எடுத்தாவது வீசியிருக்கலாம், ஏசி ஓடுது என்று வாதாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சரியான விடையைச் சொன்னால் போதும் என்று. முகமூடிக்குள் கண்ணீர் வழிந்து தாடையில் சேர்ந்தது. ஜோ ஃபேனை எடுக்கவில்லை. கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, முகமூடியையே பார்த்து, மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். "ஒண்ணு சொல்லணும். போன வருஷம் போட்டி மேடைல நம்மள நடுவருங்க வெளிய அனுப்புனாங்கல்ல, கொக்கு தப்பான பக்கம் இருக்குன்னு. அன்னிக்கு நான் எல்லார் முன்னாடியும் உன்னைக் கத்துனேன். ஒரு கொக்கைக்கூட ஒழுங்காத் தைக்கத் தெரியலன்னு. நீ என்ன சொன்ன, இது இங்கதான் இருக்கும், ஊர்ல எல்லா காவல்காரிக்கும் அந்தப் பக்கம், எனக்கு மட்டும் இந்தப் பக்கம், எவ்ளோ கூட்டத்துலயும் நீ என்னைக் கண்டுபுடிச்சிரலாம்னு சொன்ன. சாகற வரைக்கும் மாத்த மாட்டேன்னு சொன்ன. நான் சிரிக்கக்கூட இல்ல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டேன். நான் பண்ணது தப்பு, முறுக்கு. கொக்கு அங்கயே இருந்திருக்கலாம்."

புனிதவதி குனிந்து கோட்டைப் பார்த்தாள். நெஞ்சு நிறைய வலது பக்கம் கொக்கு. நறுவிசாக, மெஷின் தையலில். அடிப்பாவி, இருக்கட்டும்மா என்றதற்கு இதுவா அர்த்தம், இதை வாயைத் திறந்து சொன்னால் குறைந்தா போவாய். சொன்னால் மட்டும் என்ன, கேட்டிருக்கவா போகிறாள், தப்பு தப்புதானே என்றிருப்பாள். இப்போது இந்தப் பெண் என்ன நினைக்கிறாள். தான் சொன்ன ஒரு சொல்லுக்காக முறுக்கு ரோசப்பட்டு, நொந்து, வருஷம் முழுக்கப் பேசாமல் இருந்து, கடைசியில் தோற்றுப்போய்க் கொக்கை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள் என்று. என் மகள் மாற்றவில்லை. சாகிற வரைக்கும் மாற்ற மாட்டேன் என்றாள், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள், செத்த பிறகு மாற்றினது நான். அதைச் சொல்ல வேண்டும். இப்போது இரண்டு வாக்கியம் மூன்றாகிவிட்டது. மதியம் முழுக்க அந்த மூன்றாவது வாக்கியத்தோடு மண்டபத்தைச் சுற்றினாள், ஜோ ஒரு அடி முன்னால், இவள் பின்னால், மேடையில் யாரோ ஜப்பான் பாட்டுக்கு ஆடினார்கள், விசில், கைதட்டல், முழங்கால் விண்விண் என்று தெறித்தது. சொன்னால் அவள் மாற்றவில்லை என்று தெரியும். சொன்னால் அவள் இல்லை என்றும் தெரியும். இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழி இருக்கிறதா, எந்தப் பக்கம் பெருக்கினாலும் பூஜ்யம்தான் வருகிறது. இந்த மண்டபத்துக்குள் இன்னும் அவள் இருக்கிறாள், இதோ ஒருத்தன் கை காட்டுகிறான், ஒருத்தி முத்தம் ஊதுகிறாள், முறுக்கு முறுக்கு என்கிறார்கள். ஐப்பசியிலிருந்து உலகத்தில் எங்கேயும் இல்லாதவள் இந்தக் கூரைக்குக் கீழே மட்டும் இருக்கிறாள். ஒரு வார்த்தை பேசினால் போயிற்று. அந்தக் காவல்காரிக்காவது ஆறு தானாக உடைந்தது, இது தெரிந்தே உடைப்பது. கையுறைக்குள் விரல் ஊறிப்போயிருந்தது. மாசிலாமணி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் போல, இடுப்பில் போன் நடுங்கி நடுங்கி ஓய்ந்தது.

சாயங்காலம் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். வருஷா வருஷம் கடைசியில் முகமூடிக்காரர்கள் எல்லோரும் மேடை முன்னால் கூடி, ஒன்று சொல்ல ஒரே நேரத்தில் முகமூடியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வார்களாம். நாள் முழுக்கக் கழற்றச் சொல்லக் கூடாதவர்கள் தாங்களாகவே கழற்றுகிற நேரம். கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்தது. "முறுக்கு, நடுவுல வா," என்று யாரோ தோளைத் தள்ளினார்கள். கேமராக்காரன் ஸ்டூலில் ஏறினான். கழற்றினால் என்ன ஆகும், இத்தனை பிள்ளைகள் முன்னால் ஒரு கிழட்டு முகம், சிரித்துக்கொண்டிருக்கிற இத்தனை வாயும் ஒரே நேரத்தில் அடைத்துப்போகும். ஓடிவிடலாம் என்று திரும்பினால் பின்னாலும் கூட்டம். அப்போது ஜோ கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, புனிதவதியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "இவளுக்கு வேணாம்டா, எடுங்க நீங்க," என்று சொல்லி விறுவிறு என்று இழுத்துக்கொண்டு போனாள். அதே படிக்கட்டு. பின்னால் மண்டபத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்துவதும், அப்புறம் பெரிய ஆரவாரமும் கேட்டது. புனிதவதி உட்காராமல் நின்றபடியே பேசினாள். காலையிலிருந்து பேசாத தொண்டை, பாதி காற்றாக வந்தது. பழகி வைத்திருந்த முதல் வாக்கியம் வரவில்லை. "கொக்கை அவ மாத்தலம்மா. நான்தான் மாத்தினேன்."

"தெரியும்மா," என்றாள் ஜோ. பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, நீளமான ஸ்ட்ரா ஒன்றைப் போட்டு முகமூடியின் கீழ்வழியாக உள்ளே நீட்டினாள். "தண்ணி குடிங்க முதல்ல. காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கல நீங்க." புனிதவதி குடித்தாள். குடித்துவிட்டு முகமூடியைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள், காற்று முகத்தில் பட்டது, கண் கூசியது, வலை இல்லாமல் அந்தப் பெண்ணின் முகம் இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது, அழுது அழுது மூக்கு சிவந்த முகம். "கொக்கப் பாத்ததும் என்னாலதான் மாத்திட்டான்னு நெனச்சேன், செத்துரலாம் போல இருந்துச்சு. அப்புறம் கூட்டத்துல புடிச்சு இழுத்தீங்கல்ல. அவ விரலைக் கோத்துக்குவா. நீங்க மணிக்கட்டப் புடிச்சீங்க, ரோடு கிராஸ் பண்ற மாதிரி. எங்கம்மாவும் அப்படித்தான் புடிக்கும். ராயபுரம் மார்க்கெட்ல." ஜோ மூக்கைத் துடைத்தாள். "அம்மா வந்து அவ கோட்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்கன்னா வேற என்ன அர்த்தம். தெரிஞ்சிருச்சு. கேக்கத்தான் தைரியம் வரல. நீங்க சொல்லாத வரைக்கும் அவ இருக்கான்னு இருந்துச்சு எனக்கு. அதான் நானும் சும்மா சுத்திக்கிட்டு இருந்தேன். யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சேதான் மத்தியானம் பேசினேன். அந்த முகமூடிகிட்ட ஒரு தடவை சொல்லிரணும்னு." புனிதவதி சொன்னாள், ஐப்பசி, காய்ச்சல், ஆஸ்பத்திரி. கொசுவலையைச் சொல்லவில்லை. பிறகு முதல் வாக்கியத்தைச் சொன்னாள், அது கடைசியில் வந்தது. "அவளுக்கு உன்மேல கோபம் இல்லம்மா. கோபமா இருந்தா எனக்குத் தெரியும், வீட்டுல பாத்திரம் உருளும். அவ சிரிச்சுக்கிட்டுதான் இருந்தா." ஜோ முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகில் கை வைத்தால் குருவி மாதிரி துடித்தது. "அவ பேரு என்னம்மா?" என்று கேட்டாள், முகத்தைத் தூக்காமலே. புனிதவதி சொன்னாள். ஜோ அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், நித்திலா, பிறகு தன் பேர் ஜோவிட்டா என்றாள்.

உடுப்பு ஆஸ்பத்திரியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். புனிதவதி கோட்டைக் கழற்றி மேஜைமேல் விரித்து, "ஒரு ஊசி குடு பாப்பா, ஒரு சின்னக் கத்திரி, வெள்ளை நூல்," என்றாள். அந்தப் பெண் முகமூடியையும் நரைத்த தலையையும் மாறி மாறிப் பார்த்தாள், ஜோ அவளுக்கு ஏதோ ஜாடை காட்டினாள், கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். மெஷின் தையல் லேசில் பிரியவில்லை, நறுவிசாகப் போட்டதால் நறுவிசாகவே பிடித்துக்கொண்டிருந்தது. கொக்கு கழன்று கையில் வந்தது. அதை இடது பக்கம், துணி வெளுக்காமல் கறுத்திருந்த கொக்கு வடிவத்தின்மேல் வைத்தாள், அச்சாக உட்கார்ந்தது. மண்டபத்தில் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். ஜோ போனில் டார்ச் போட்டுப் பிடித்தாள். புனிதவதி மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் ஓட்டையைத் தேடினாள். இருந்தது. ஊசி அதில் தானாக இறங்கியது. அடுத்தது கொஞ்சம் தள்ளி, கோணலாக. அதிலும் இறங்கினாள். அடுத்தது ரொம்பக் கிட்டத்தில். தன் கை போகிற இடத்தில் போகாமல், ஓட்டை இருக்கிற இடத்திலேயே, ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் போட்டுக்கொண்டு போனாள். இந்த இடத்தில் கை வலித்திருக்கும், இந்த இடத்தில் போன் வந்திருக்கும், எழுந்து போய் வந்து அவசரமாகக் குத்தியிருக்கிறாள். மாசிலாமணி மறுபடி கூப்பிட்டார், ஜோ புனிதவதியின் போனை எடுத்து, "அங்கிள், அம்மா இங்கதான் இருக்காங்க, கொஞ்சம் தையல் வேலை, முடிச்சிட்டு வந்துருவாங்க," என்றாள். ஓர் இடத்தில் ஒரே ஓட்டை பெரிதாக இருந்தது, மூன்று தடவை போய் வந்த ஓட்டை. புனிதவதியும் மூன்று தடவை போய் வந்தாள். "இன்னும் கொஞ்சம்தான்," என்றாள், யாரிடம் என்றில்லாமல், "வெளிச்சத்தை ஆட்டாமப் பிடி."